ஒரு ரியூட்டரி, 12 கணினிகள், எழுபது பிள்ளைகள்: உபுண்டுவும் எல்.டி.எஸ்.பி.யும் சேர்ந்த உள்நுழைவு எப்படி இருக்கிறது

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கும் ரியூட்டரி ஒன்றின் கணினி அறையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சாதாரண தர, உயர்தர ஐ.சி.ரி. வகுப்புகள், 12 கணினிகள், கிழமைக்கு எழுபது பிள்ளைகள் அளவில் வந்து போகிறார்கள். எட்டு மாதத்துக்கு முன்பு அறை முழுவதையும் உபுண்டு மாத்தே என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்துக்கும், எல்லாக் கணினிகளையும் ஒரே சர்வரிலிருந்து எழுப்பும் எல்.டி.எஸ்.பி.க்கும் மாற்றினோம். அதில் ஒரு பகுதியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்: பிள்ளை வந்து கதிரையில் இருந்து, தான் யார் என்று சொல்லி, தன் இடத்துக்குள் போகும் அந்த அரை நிமிடம். வாங்கும்போது யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை, அதன் விலை பிறகுதான் தெரிந்தது.

முன்பு என்ன இருந்தது என்று சொன்னால்தான் விளங்கும். கணினிகளை விற்ற கடைக்காரரே வந்து பூட்டித் தந்தார்கள். பன்னிரண்டிலும் ‘ஸ்டூடன்ட்’ என்று ஒரே கணக்கு, கடவுச்சொல் ஒன்று இரண்டு மூன்று நான்கு, அதையும் துண்டுத் தாளில் எழுதி ஒவ்வொரு திரையின் கீழ் விளிம்பிலும் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒருவன் இரண்டு நாள் மினக்கெட்டுச் செய்த தரவுத்தளப் பயிற்சியை அடுத்த வகுப்புப் பொடியன் திறந்து அதற்கு மேலேயே சேமித்துவிடுவான், யார் செய்தது என்று கேட்டால் பதில் கிடையாது, ஏனென்றால் அந்தக் கணினிக்குத் தெரிந்த ஒரே ஆள் ‘ஸ்டூடன்ட்’. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று நடந்தது. உயர்தர மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பை உலாவியில் திறந்து நோட்ஸ் இறக்கிவிட்டு, வெளியேறாமலே எழும்பிப் போய்விட்டாள். அடுத்த வகுப்பில் அதே கதிரையில் இருந்தவர்கள் அவள் வீட்டாரோடும் சிநேகிதிகளோடும் கதைத்ததையெல்லாம் வாசித்திருக்கிறார்கள், வாசித்ததை வெளியே போய்ச் சொல்லியும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை மூன்று கிழமை வகுப்புக்கு வரவில்லை.

வெளியேற மறந்தது அவளுடைய பிழை என்று சிலர் எங்கள் ரியூட்டரிச் சேரிடம் சொன்னார்கள். எனக்கு அது கொஞ்சமும் சரியாகப் படவில்லை. பதினேழு வயதுப் பிள்ளை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் ஒன்றை மறப்பாள். மறந்தாலும் அவளுடையது அவளுக்கே இருக்கும்படி அறையை வைத்திருக்க வேண்டியது எங்கள் வேலை, அதை நாங்கள் செய்யவில்லை.

சரி, இப்போது இருப்பதைச் சொல்கிறேன். எல்.டி.எஸ்.பி. என்பது லினக்ஸ் டெர்மினல் சர்வர் புரொஜெக்ட் என்பதன் சுருக்கம். பழைய திட்டம்தான், 2019இல் அதைப் புதிதாக எழுதினார்கள், நாங்கள் பாவிப்பது அந்தப் புதியது. சர்வராக ஒரு கணினி, அதில் உபுண்டு மாத்தே 24.04, 16 ஜிபி நினைவகம், ஒரு எஸ்.எஸ்.டி. மற்றப் பன்னிரண்டிலும் வன்தட்டே கிடையாது, வலையமைப்பு வழியாக அந்தச் சர்வரிலிருந்துதான் எழும்புகின்றன. பிள்ளை பெயரைத் தெரிவு செய்து கடவுச்சொல்லை அடித்தால் அது எஸ்.எஸ்.எச். என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு வழியாகச் சர்வருக்குப் போய்ச் சரிபார்க்கப்படுகிறது, பொருந்தினால் சர்வரில் இருக்கும் அவளுடைய வீட்டுக் கோப்புறை அந்த இருக்கைக்கு வந்துவிடுகிறது. கணக்குப் போடுவது, படம் காட்டுவது எல்லாம் முன்னால் இருக்கும் கணினியின் செயலியும் நினைவகமும்தான், அதனால் 4 ஜிபி உள்ள பழைய கணினிகளிலும் வேலை ஓடுகிறது. ஜன்னல் பக்கக் கணினிகளின் வன்தட்டுகள் கடற்காற்றில் ஒவ்வொன்றாகப் பழுதாகிக்கொண்டிருந்தன, இப்போது பழுதாக அங்கே வன்தட்டே இல்லை என்பது கூடுதல் ஆறுதல்.

இதனால் கிடைத்த பெரிய மாற்றம் என்னவென்றால் பிள்ளைக்கு ‘தன் கணினி’ என்று ஒன்று தேவையில்லாமல் போய்விட்டது. ஐந்தாம் இலக்கத்தில் இருந்தாலும் பதினோராம் இலக்கத்தில் இருந்தாலும் அவளுடைய கோப்புகள், அவளுடைய பின்னணிப் படம், பாதியில் விட்ட பயிற்சி எல்லாம் அப்படியே. முன்பு ஒரு குறிப்பிட்ட கதிரைக்காகப் பிள்ளைகள் அரை மணி நேரம் முந்தி வந்து படிக்கட்டில் காத்திருப்பார்கள், அது நின்றுவிட்டது. ஒருவர் மற்றவரின் வீட்டுக் கோப்புறைக்குள் எட்டிப் பார்க்கவும் முடியாது. இது உபுண்டுவில் எப்போதும் இப்படி இருக்கவில்லை: 21.04 பதிப்பிலிருந்துதான் புதிதாகத் திறக்கும் வீட்டுக் கோப்புறைகள் மற்றப் பயனர்களுக்கு மூடியே வருகின்றன, அதற்கு முன்பு அதே கணினியில் கணக்கு உள்ள எவரும் வாசிக்கலாம். பழைய பதிப்பை எங்காவது பல பேருக்குப் பொதுவாக வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தமிழ்ப் பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்கு இது முக்கியம். பயனர்பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்திலும் எண்ணிலும்தான் இருக்க வேண்டும் என்பது உபுண்டுவின் வழமை. எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத ஒரே முறை கிடையாது. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பள்ளிக்கூடப் பதிவில் இன்னொரு மாதிரி, பிள்ளை தானாக எழுதுவது மூன்றாவது மாதிரி. முதல் மாதம் பாதிப் பேர் உள்ளே போக முடியாமல் நின்றதற்குக் காரணம் கடவுச்சொல் இல்லை, தங்கள் பெயரை நான் எந்த எழுத்துக்கூட்டலில் பதிந்தேன் என்று அவர்களுக்குத் தெரியாததுதான். பிறகு ரியூட்டரி அட்டை இலக்கத்தையே பயனர்பெயராக்கினேன், முன்னால் ஓர் எழுத்து, அவ்வளவுதான். ஆனால் கணக்கில் ‘முழுப் பெயர்’ என்று தனியாக ஓர் இடம் உண்டு, அங்கே தமிழில் எழுதலாம், உள்நுழைவுத் திரையில் தெரிவதும் அந்தப் பெயர்தான். லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் இயங்குதளம் பெல் ஆய்வுகூடத்தில் இருந்த காலத்தில், அச்சு வேலைகளை ஜெனரல் எலக்ட்ரிக்கின் பழைய இயங்குதளம் ஓடிய பெரிய கணினிக்கு அனுப்பத் தேவையான விபரத்தை வைக்கத்தான் அந்த இடத்தை ஒதுக்கினார்கள், அந்த இயங்குதளத்தின் பெயராலேயே அது இன்றைக்கும் அழைக்கப்படுகிறது. அதே இடத்தில் இப்போது வெள்ளவத்தையில் ‘கீர்த்தனா’ என்று மூன்று பேர் வரிசையாக நிற்கிறார்கள், தகப்பனின் முதலெழுத்தோடு. தன் பெயரைக் கணினியின் முதல் திரையிலேயே தமிழில் கண்ட அன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, “அக்கா, இது எனக்கு மட்டுமா?” என்று கேட்டது. எனக்கு அது போதும்.

ஒரு குறை: எழுபது பெயர் ஒரே பட்டியலில் வந்தால் தன் பெயரைத் தேடி உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பட்டியலை மறைத்து இலக்கத்தை அடிக்கச் சொல்லலாம், அது பாதுகாப்புக்கும் நல்லது, யார் யார் இங்கே படிக்கிறார்கள் என்று வழியில் வருகிறவருக்குத் தெரியாது. நான் பாதி வழியில் நிற்கிறேன், உயர்தர வகுப்புக்கு மறைத்துவிட்டேன், சின்னவர்களுக்கு விட்டு வைத்திருக்கிறேன்.

விசைப்பலகைதான் எங்களை ஆகக் கூடுதலாக அலைக்கழித்தது. பிள்ளைகள் ரெங்கநாதன் முறையில் தமிழ் தட்டெழுதப் பழகுகிறார்கள், எனவே தமிழ், ஆங்கிலம் இரண்டு அமைப்பும் வேண்டும். உள்நுழைவுத் திரையில் தமிழ் அமைப்பு தெரிவாகி இருக்கும்போது கடவுச்சொல்லை அடித்தால் போவது தமிழ் எழுத்துகள், ஆனால் திரையில் விழுவது புள்ளிகள் மட்டும், ஆகவே பிழை எங்கே என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. “அக்கா, என்ர பாஸ்வேர்டை இது எடுக்குதில்லை” என்ற குரல் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கும். நான் போய் அதே கடவுச்சொல்லை அடிப்பேன், எனக்கும் எடுக்காது, மாற்றிக் கொடுப்பேன், அடுத்த நாள் திரும்பவும் அதே கதை. மேல் மூலையில் சின்னதாக ஓர் அடையாளம் எந்த மொழி என்று காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, இரண்டு கிழமையாக ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. உள்நுழைவுத் திரைக்கு ஆங்கிலம் மட்டும், உள்ளே போன பிறகு இரண்டும் என்று வைத்ததோடு அந்தக் கரைச்சல் தீர்ந்தது. முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

கடவுச்சொல்லை மாற்றுவதும் இதில் வசதியாக இல்லை. பிள்ளை இருக்கும் கணினியில் மாற்றினால் அது சர்வருக்குப் போகாது, கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து எஸ்.எஸ்.எச். வழியாகச் சர்வருக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். அந்தத் திரையில் கடவுச்சொல் அடிக்கும்போது புள்ளிகூட விழாது. நீளத்தைக்கூட அருகில் இருப்பவர் அறியக் கூடாது என்பதற்காக யுனிக்ஸில் காலம்காலமாக இருக்கும் வழக்கம் அது, ஆனால் முதல் தடவை பார்ப்பவர்கள் எல்லோரும் விசைப்பலகை பழுது என்று வயரைக் கழற்றிப் பூட்டுகிறார்கள். இப்போது முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒன்றும் தெரியாது, பயப்படாமல் அடித்து என்டரைத் தட்டுங்கோ.

போன மாதம் ஓர் அம்மா வந்தார். “பிள்ளை, மகன்ர பாஸ்வேர்டை எனக்கு ஒருக்கால் எழுதித் தாங்கோவன்.” எனக்குத் தெரியாது அம்மா என்றேன். “நீங்கள்தானே இதெல்லாம் பாக்கிறது?” என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதனால் இருத்தி வைத்து விளங்கப்படுத்தினேன். சர்வரில் கடவுச்சொல் எழுதப்பட்டிருப்பதில்லை. அதை அரைத்து வந்த விழுதுதான் இருக்கிறது, அரைத்த விழுதிலிருந்து பழையபடி தேங்காயை எடுக்க முடியாது. அவன் அடுத்த முறை அடிக்கும்போது அதையும் அதே மாதிரி அரைத்து, இரண்டு விழுதும் ஒன்றா என்று பார்க்கிறார்கள். அரைக்கும்போது ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு உப்பு சேர்க்கிறார்கள், உண்மையிலேயே அதன் பெயர் உப்புத்தான், ஆகவே இரண்டு பிள்ளைகள் ஒரே சொல்லை வைத்தாலும் விழுது வேறு வேறாக இருக்கும். ரொபர்ட் மொறிஸும், யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தொம்சனும் 1979இல் யுனிக்ஸ் கடவுச்சொற்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இருக்கும் யோசனை இது. அரைக்கும் முறை மட்டும் காலத்துக்குக் காலம் கடுமையாகிறது, உபுண்டுவில் 22.04இலிருந்து பாவிப்பது யெஸ்கிரிப்ட். மறந்தால் புதிதாக ஒன்று வைத்துக் கொடுக்கலாம், பழையதைச் சொல்ல என்னால் முடியாது, சேராலும் முடியாது. அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப நல்லதுதான்” என்று சொல்லிப் போனார்.

ஆனால் எவ்வளவு அரைத்தாலும், பிள்ளை தன் பெயரையே கடவுச்சொல்லாக வைத்தால் ஊகிப்பவருக்கு வேலை சுலபம். பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. பி.எஸ்.டி. என்ற பழைய யுனிக்ஸ் வகை ஒன்றின் மூலநிரலோடு சேர்ந்து வெளியே வந்த கடவுச்சொல் கோப்பு ஒன்றைச் சிலர் உட்கார்ந்து உடைத்துப் பார்த்தார்கள், ஸ்டீபன் போர்ன் வைத்திருந்தது தன் குடும்பப் பெயரையே. யுனிக்ஸில் நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி நடத்தும் ஷெல்லை எழுதிய மனிதர் அவர். கென் தொம்சனுடையது மட்டும் நீண்ட நாள் உடையாமல் இருந்து 2019இல்தான் உடைந்தது, அதுவும் கணினி நான்கு நாளுக்கு மேல் ஓடித்தான், பார்த்தால் சதுரங்கத்தில் ராணிக்கு முன்னால் நிற்கும் காலாளை நகர்த்தும் தொடக்க நகர்வு. இந்தக் கதையை வகுப்பில் சொன்ன பிறகு தொடர்பில்லாத நான்கு சொல்லைக் கோர்த்து வைக்கச் சொல்கிறேன், புட்டு, குடை, ரயில், முருங்கை மாதிரி, ஆங்கில எழுத்தில் தங்கள் விருப்பமான கூட்டலில். மாதா மாதம் மாற்றச் சொல்லி வற்புறுத்துவதில்லை, காரணமில்லாமல் மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்டே 2017இல் வழிகாட்டல் கொடுத்துவிட்டது. மாற்றச் சொன்னால் கடைசியில் ஓர் எண்ணைக் கூட்டுவார்கள், அவ்வளவுதான் நடக்கும்.

நேரக் களவு ஒன்றும் நடந்தது. பயிற்சிக்கு ஒவ்வொருவருக்கும் கிழமைக்கு மூன்று மணி நேரம் என்று வைத்திருக்கிறோம். தன் நேரத்தை முடித்துவிட்ட ஒரு பொடியன், பக்கத்தில் இருந்தவனின் விரல்களைப் பார்த்துக் கடவுச்சொல்லைப் பிடித்து, அவன் வராத நாளில் அவன் பெயரில் நுழைந்துவிட்டான். சர்வர் ஒவ்வொரு நுழைவையும் பதிந்து வைக்கிறது, எந்தப் பெயர், எந்த இருக்கை, எத்தனை மணி. வராத பிள்ளையின் பெயர் ஏழாம் இலக்கத்தில் பின்னேரம் நான்கு மணிக்கு நிற்பதைக் கண்டதும் விளங்கிவிட்டது. பழைய ‘ஸ்டூடன்ட்’ காலத்தில் இது தெரிய வந்திருக்கவே மாட்டாது. அவனைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, அனுமதியில்லாமல் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் இந்த நாட்டில் குற்றம். மற்றது, இதைச் செய்த முதல் ஆள் அவன் இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1961இல் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு ஒரே கணினியைப் பல பேர் ஒரே நேரத்தில் பாவிக்கும் சி.டி.எஸ்.எஸ். என்ற முறையைச் செய்துகாட்டியது, ஆளுக்கு இவ்வளவு நேரம், ஆளுக்கு ஒரு கோப்புத் தொகுதி என்று பிரிக்க வேண்டி வந்ததால்தான் அங்கே கடவுச்சொல் வைத்தார்கள். 1962இல் அலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்குக் கிடைத்த நேரம் போதவில்லை என்று எல்லோருடைய கடவுச்சொல்லும் இருந்த கோப்பையே அச்சடித்து எடுத்துக்கொண்டார். அறுபது வருடமாகியும் பிரச்சினை அதேதான், நேரம் போதவில்லை. அதனால் அந்தப் பொடியனுக்குத் தண்டனை கொடுக்காமல் சனிக்கிழமை காலையில் ஒரு மணித்தியாலம் கூட்டிக் கொடுத்தோம். விரலைப் பார்க்கும்படி நெருக்கி வைத்திருந்த கதிரைகளையும் தள்ளிப் போட்டோம்.

புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால் கணக்குத் திறப்பதோடு வேலை முடிவதில்லை என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பயனர் பட்டியல், கணினி எழும்பும்போது இறங்கும் சின்னத் தொகுப்புக்குள் போகிறது, எனவே சர்வரில் அந்தத் தொகுப்பைத் திரும்பக் கட்டும் கட்டளையைக் கொடுத்து, இருக்கையில் உள்ள கணினியையும் திரும்ப எழுப்பினால்தான் புதுப் பெயர் வரும். வகுப்பு நடுவில் இதைச் செய்ய முடியாது. நான் ஞாயிறு இரவில் மொத்தமாகச் செய்கிறேன், திங்கட்கிழமை சேரும் பிள்ளைக்கு ஒரு கிழமைக்கு விருந்தினர் கணக்குத்தான். இதை இன்னும் இலகுவாக்கியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

வெளியேறுவதில்தான் பிள்ளைகளை இன்னும் பழக்க வேண்டியிருக்கிறது. திரையின் பொத்தானை அமத்திவிட்டு எழும்பிப் போகிறார்கள், உள்ளே எல்லாம் திறந்தபடி. ஐந்து நிமிடத்தில் திரை பூட்டிக்கொள்ளும்படி வைத்திருக்கிறேன், அதற்குப் பிறகு வருகிறவர் கணினியைத் திரும்ப எழுப்பினால் தன் பெயரில் நுழையலாம், முன்னவர் சேமிக்காமல் விட்டது போய்விடும். இரண்டு பேர் இப்படி வேலையை இழந்தார்கள், எனக்கும் மனம் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் வாட்ஸ்அப் திறந்தபடி கிடந்த நாளை நினைத்தால் இதைத்தான் தெரிவு செய்வேன். அந்த மாணவி திரும்பி வந்துவிட்டாள், போகும்போது ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் எழும்புகிறாள்.

செலவென்றால் மென்பொருளுக்கு ஒரு சதமும் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது, எங்கள் பழைய கணினிகள் விண்டோஸ் 11 கேட்கும் தகுதிக்குள் வரவில்லை, எழுபது பேருக்கும் எந்தக் கதிரையிலும் தனிக் கணக்கு வேண்டுமென்றால் அங்கே சர்வர் உரிமம், ஆளுக்கோ கருவிக்கோ உரிமம் என்று தனியாகக் காசு. நாங்கள் வாங்கியது 16 துளை கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றும், கொஞ்ச வயரும்தான், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரே நடையில் முடிந்தது.

கொட்டாஞ்சேனையில் ரியூட்டரி நடத்தும் சேர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, தானும் போடலாமா என்று கேட்டார். தாராளமாகப் போடலாம் சேர், ஆனால் சர்வருக்கு முதலில் ஒரு யு.பி.எஸ். வாங்குங்கோ என்றேன். கரண்ட் ஒரு கணம் போய் வந்தாலும் சர்வர் விழுந்தால் பன்னிரண்டு பிள்ளைகளும் அப்படியே உறைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அது திரும்ப எழும்பும் வரைக்கும் ஒருவரும் உள்ளே போக முடியாது. அதை வாங்கின பிறகு பிள்ளைகளின் பெயர்களைத் தமிழில், தகப்பனின் முதலெழுத்தோடு, ஒரு தாளில் எழுதி அனுப்புங்கோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பதிந்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.